சிங்கராயரின் இடுப்பளவு

ஒரு டைலரைப் பார்த்து என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வான். தீபாவளிக்குக் கொடுத்த துணியைப் பொங்கலுக்குத் தருகிறாயே என்று கேளுங்கள், தலையைச் சொறிவான். காஜா கோணலாக இருக்கிறது என்று சொல்லுங்கள், பிரித்துத் தைத்துத் தருவான். துணியைத் திருடிவிட்டாய் என்று மட்டும் சொல்லக் கூடாது. அதுவும் ஏற்காடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், காளியாயி டீக்கடை வாசலில், காலை எட்டு மணிக்குப் பன்னிரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சொல்லவே கூடாது. சிங்கராயர் சொன்னார்.

அது 2013 டிசம்பர் இருபத்தாறாம் தேதி. டீக்கடையை ஒட்டினாற்போல்தான் என் கடை. மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். மஞ்சப்பையிலிருந்து ஒரு பேன்ட்டை உருவி என் மேஜைமேல் எறிந்தார் மனுஷன்.

“யோவ் டைலரே! நான் குடுத்தது ஒண்ணேகால் மீட்டரு துணி. இதுல ஒரு மீட்டருகூட வராது. மிச்சத்துல யாருக்கய்யா டவுசர் தெச்சுப் போட்டே?”

சிங்கராயர் வாழவந்தி போகிற வழியில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். அங்கே ஆட்களுக்குப் பேர் போடுவதும் பழம் எடை போடுவதும் அவர்தான். மற்ற நாளில் என்னை ‘என்னங்க டைலரே’ என்றுதான் கூப்பிடுவார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவருக்கு ஒரு பேன்ட், ஒரு சட்டை நான்தான் தைப்பது. டிசம்பர் முதல் வாரம் துணியோடு வருவார், அளவெடுப்பேன், இருபத்துநாலாம் தேதி சாயங்காலம்வரை நடக்கவிட்டுக் கொடுப்பேன். வருஷா வருஷம் அதுதான் வழக்கம். அந்த வருஷமும் அப்படித்தான் கொடுத்தேன்.

கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் முழந்தாளிட்டு எழுந்தபோது பேன்ட்டின் பட்டன் தெறித்துவிட்டதாம். தெறித்தது சும்மா தெறிக்கவில்லை, முன்வரிசையில் இருந்த உபதேசியாரின் பிடரியில் போய்ப் பட்டதாம். அவர் திரும்பிப் பார்த்து முறைத்தாராம். இவர் ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, நாக்கை நீட்டி நற்கருணை வாங்கிக்கொண்டு வந்தாராம். பாட்டுப் பாடிய பெண்கள் அத்தனை பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்களாம். இவ்வளவையும் அவரே கத்திச் சொன்னார்.

“ரைட்டரய்யா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. இந்தப் பட்டனும் தெறிச்சுடப் போகுது” என்றாள் காளியாயி, டீ ஆற்றிக்கொண்டே. காளியாயி அக்காவுக்கு எந்தச் சாவு வீட்டிலும் சிரிப்புக் காட்டத் தெரியும். பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள்.

எனக்கு மட்டும் உடம்பு பற்றி எரிந்தது. “நாற்பத்திரண்டு இஞ்ச் அளவெடுத்தேன், நாற்பத்திரண்டுக்கு வெட்டினேன். உள்ளே ஓரத் துணி ஒரு இஞ்ச் விட்டிருக்கேன், பிரிச்சுப் பாருங்க. திருடினது என் கத்திரி இல்லைங்க, உங்க வயிறு!” என்றேன்.

“மூணு வாரத்துல எவனுக்காவது வயிறு வளருமாய்யா? களவாணி! இனிமே என்ற துணி உன்ற கடைப் படி ஏறாது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பேன்ட்டை எடுத்துக்கொள்ளவும் இல்லை.

கீழே சேலத்திலிருந்து இந்த மலைக்கு ஏறி வந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. ஐயாக்கண்ணு டைலர் என்றால் பள்ளிக்கூடத்து யூனிஃபாரம் முதல் எஸ்டேட் துரைமார் கோட்டுவரை தைத்தவன். என்னைக் களவாணி என்று ஒரு ஆள் சொல்லி, அதை ஊரே டீயோடு சேர்த்துக் குடித்துவிட்டுப் போவதா? அன்றைக்கு ஒரு துணியையும் தொடவில்லை. அளவு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

என் அளவு நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஒரு பக்கம். அந்த வருஷம் தைத்த துணியில் ஒரு துணுக்கைக் குண்டூசியால் குத்தி வைத்திருப்பேன், பக்கத்தில் தேதி, அளவு எல்லாம் இருக்கும். ஆளின் உடம்புவாகையும் ஒரு ஓரமாக எழுதிவைப்பேன். வலது தோள் இறக்கம், கூன், நீளக்கை என்று. அப்படி எழுதினால்தான் சட்டை உடம்பில் உட்காரும். சிங்கராயர் பக்கத்தைப் பிரித்து, இடுப்பளவை மட்டும் வரிசையாக ஒரு சிகரெட் அட்டையில் எழுதினேன். 2009-இல் முப்பத்துநாலு. அடுத்த வருஷம் முப்பத்துநாலரை. அப்புறம் முப்பத்தாறு, முப்பத்தெட்டரை, கடைசியாக நாற்பத்திரண்டு.

‘பார்த்தாயா, வளர்ந்திருக்கிறது!’ என்று மேஜையைத் தட்டினேன். இந்த அட்டையை நாலு பேர் முன்னால் அவர் மூஞ்சிக்கு நேராக நீட்ட வேண்டும் என்று இருந்தது. சரி, இன்னும் வலுவாக இருக்கட்டும் என்று கழுத்தளவையும் எழுதினேன். அங்கேதான் கை நின்றது.

கழுத்து பதினைந்தரையில் ஆரம்பித்து பதினாலுக்கு இறங்கியிருந்தது. தொடை இரண்டு இஞ்ச் குறைந்திருந்தது. கைச் சுற்றளவும் குறைவு.

தொப்பை எனக்குப் புதுசா? இந்த மலையில் இருக்கிற எல்லாத் தொப்பையையும் நான் டேப் போட்டு அளந்தவன். மேனேஜர் தொப்பை ஒரு மாதிரி, மேலே ஆரம்பித்து பெல்ட்டுக்கு மேல் வழியும். ஓட்டல்காரர் தொப்பை உருண்டையாகக் கல் மாதிரி நிற்கும். ராத்திரி பிரியாணிக்காரன் தொப்பை பக்கவாட்டில் பிதுங்கும். எந்தத் தொப்பையாக இருந்தாலும் அது தனியாக வளராது. கழுத்தும் சேர்ந்து பெருக்கும், தொடை பெருக்கும், சட்டைக் கைகூட இறுக்கும். கையும் காலும் கழுத்தும் வற்றி, வயிறு மட்டும் வளர்கிற தொப்பையை நான் பார்த்ததே இல்லை.

அதோடு ஓரத்தில் என் கையெழுத்திலேயே எழுதியிருந்தது: ‘இடப்பக்கம் இறக்கம், கால் இஞ்ச் கூட விடவும்.’ அடுத்த வருஷம் ‘அரை இஞ்ச்.’ இந்த வருஷம் ‘ஒரு இஞ்ச்.’ எழுதியபோது ஆள் கோணலாக நிற்கிறார் என்றுதான் நினைத்தேன். கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் டிவிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு அவர் குவார்ட்டர்ஸுக்கே போய்விட்டேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி இன்பமேரி. கையில் கரண்டி. “வாங்கண்ணா. சண்டை போடோணும்னா கொஞ்சம் இருங்க, சாப்பிட்டுட்டு இருக்காரு” என்றது. எட்டிப் பார்த்தேன். தட்டில் இருந்தது கொள்ளு ரசமும் ஒரு கையளவு கேழ்வரகுக் களியும்.

“ஆறு மாசமா இதுதானுங்கண்ணா. ஏரியைச் சுத்தி தினமும் ரெண்டு சுத்து நடக்க விடறேன். அரிசி டின்னைப் பூட்டி வெச்சிருக்கேன். ஆனாலும் வயிறு குறையுதா பாருங்க! ஏரிக்கரையில மொளகாய் பஜ்ஜி திங்கறாருங்க. கண்டுபிடிக்க முடியலை, அவ்வளவுதான். வாயை மோந்துகூடப் பாத்துப்போட்டேன்.”

“மாதாவே சாட்சி, நான் பஜ்ஜியைத் தொட்டே வருஷமாச்சு” என்றார் சிங்கராயர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தபடி. பாதிக் களிகூட உள்ளே போகவில்லை. “ரெண்டு வாய் தின்னா நெஞ்சு வரைக்கும் அடைச்சுக்குது. மருந்துக் கடையில கேஸுன்னு சொல்லி மாத்திரை குடுத்தான். நீ எதுக்குய்யா வந்தே, களவாண்ட துணியத் திருப்பிக் குடுக்கவா?”

“ரைட்டரே, இது தொப்பை இல்லைங்க. உள்ளே வேற எதுவோ இருக்குது” என்றேன். நோட்டைப் பிரித்து எல்லாவற்றையும் சொன்னேன். இன்பமேரியின் கரண்டி கீழே இறங்கியது.

சிங்கராயர் சிரித்தார். “கட்டிங்கே சரியாத் தெரியாத ஆளு, இப்போ டாக்டராயிட்டாரு!”

அவ்வளவுதான், எனக்குப் பழையபடி ஏறிவிட்டது. “சரிங்க, சேலத்துல பெரிய டாக்டர்கிட்டயே போகலாம். வெறும் தொப்பைதான்னு அவங்க சொல்லிட்டா, நான் காளியாயி கடை வாசல்ல நின்னு துணியைத் திருடினேன்னு ஒத்துக்கறேன். வேற எதுனாச்சும்னா, அதே வாசல்ல நின்னு நீங்க ஐயாக்கண்ணு திருடலைன்னு சொல்லோணும். தைரியம் இருக்குதா?”

“இருக்குதுய்யா! நீ நோட்டை எடுத்துட்டு வா!” என்று எழுந்தார். எழுவதற்கு மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. சும்மா உடம்பைக் காட்டிக்கொண்டு வாருங்கள் என்று கூப்பிட்டிருந்தால் ஜென்மத்துக்கும் வந்திருக்க மாட்டார். பந்தயம் என்றதும் சட்டையை மாட்டிவிட்டார்.

மறுநாள் காலை முதல் பஸ். மூன்று பேர் சீட்டில் இன்பமேரி ஜன்னலோரம், நான் இந்த ஓரம், நடுவில் சிங்கராயரும் அவர் வயிறும். இருபது வளைவிலும் அந்த வயிறு ஒருமுறை அவர் மனைவி மேலும் ஒருமுறை என் மேலும் சாய்ந்தது. “பாரு, திருடினதைத் தொட்டுப் பாத்துக்கோ” என்றார் ஒவ்வொரு முறையும். அடிவாரம் வந்து சேர்வதற்குள் அவரைக் கீழே தள்ளிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த சர்ஜன் அம்மா பெயர் டாக்டர் காமாட்சி. ஐம்பது வயது இருக்கும், குள்ளம், நகத்தை ஒட்ட வெட்டியிருந்தார். விரல்களைப் பார்த்ததும் வேலை தெரிந்த கை என்று எனக்குத் தெரிந்தது.

“நீங்க பேஷன்ட்டுக்கு என்ன வேணும்?”

“டைலருங்கம்மா.”

“டைலரா? டைலர் எதுக்கு?”

“ஒரு வழக்குங்கம்மா. நீங்கதான் தீர்ப்பு சொல்லோணும்” என்றேன். சிங்கராயர் குறுக்கே வந்தார். “அம்மா, என்ற பேன்ட்டு பத்தாமப் போனதுக்கு இவன் கத்திரி காரணமா, என்ற வயிறு காரணமா? அதை மட்டும் சொல்லுங்க, நாங்க போயிடறோம். பதினொண்ணரைக்கு பஸ்ஸு இருக்குது.”

வெளியே நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். அந்த அம்மா எங்களை அடித்துத் துரத்தியிருக்கலாம். ஆனால் நான் நீட்டிய நோட்டை வாங்கிக்கொண்டார். முதலில் சிரிப்போடுதான் பார்த்தார். இரண்டாவது வரியில் சிரிப்பு நின்றது. ஒவ்வொரு வருஷமாக விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தார்.

“இதையெல்லாம் எடுத்தது நீங்க ஒரே ஆள்தானா? ஒரே டேப்பா?”

“டேப் மூணு மாத்தியிருக்கேங்க. இரும்பு ஸ்கேல்ல வெச்சுச் சரிபார்த்துட்டுத்தான் மாத்துவேன்.”

“இடப்பக்கம் இறக்கம்னு எழுதியிருக்கீங்களே, இது எந்த வருஷத்துல ஆரம்பிச்சது?”

“முப்பத்தாறு எடுத்தேனே, அந்த வருஷங்க.”

அவர் எழுந்து சிங்கராயரைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இடது பக்கம் கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. “ஸ்கேன் எடுத்துட்டு வாங்க. பதினொண்ணரை பஸ் வேண்டாம்” என்றார்.

ஸ்கேன் படத்தை விளக்குக்கு முன்னால் வைத்து அவர் விளக்கியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். குடலுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி ஒரு இடம் இருக்கிறது. அங்கே இருக்கிற கொழுப்பில் ஒரு கட்டி. அந்த இடத்தில் தாராளமாக வளர வழி இருப்பதால், வலிக்காமல் சத்தம் போடாமல் வருஷக்கணக்கில் வளரும். குடலையெல்லாம் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு வயிற்றை முன்னால் கொண்டுவரும். பார்க்கிறவர்கள் தொப்பை என்பார்கள், மனைவி பட்டினி போடுவாள், உடம்பு வற்றும், கட்டிக்கு மட்டும் ஒரு குறையும் வராது.

“நொம்பப் பேருக்கு வருமுங்களா அம்மா இது?” என்று கேட்டது இன்பமேரி.

“பத்து லட்சம் பேர்ல ரெண்டு மூணு பேருக்கு.”

“என்ற ஆயுசுல ஒரு லாட்டரிச் சீட்டுகூட விழுந்ததில்லைங்கம்மா” என்றார் சிங்கராயர். யாரும் சிரிக்கவில்லை. அவரே சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

புற்றுநோய் வகைதான் என்று டாக்டர் மறைக்காமல் சொன்னார். ஊசியால் துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். மருந்துக்கு அவ்வளவாக அசையாது, வெட்டி எடுப்பதுதான் வழி. “முதல் வருஷம் அரை இஞ்ச், போன வருஷம் மூணரை இஞ்ச். வேகம் எடுத்திருக்கு. உங்க டைலர் நோட்டு இல்லேன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்காது. தள்ளிப்போடக் கூடாது” என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. “எப்படிங்கம்மா வெட்டுவீங்க?”

“கட்டியைச் சுத்தி இருக்கிற பை கிழியாம, ஒரே உருப்படியா எடுக்கணும். சுத்தி நல்ல ஓரம் விட்டு வெட்டணும். ஓரத்துல துளி தங்கிட்டாலும் திரும்ப வளரும். இடது கிட்னியைக் கட்டிப்பிடிச்சிருக்கு, அதையும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டி வரும்.”

“ஓரம் எவ்வளவு விடுவீங்க? நான்னா ஒரு இஞ்ச்.”

“உங்களுக்குத் துணி பத்தலைன்னா கடைக்குப் போய் வாங்கலாம். எனக்கு அது முடியாதே. கிடைக்கிற வரைக்கும் விடுவேன்” என்றார். கட்டிங் தெரிந்த அம்மா. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தோம். பந்தயத்தில் நான் ஜெயித்திருந்தேன். சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் யாராவது வந்து ‘ஐயாக்கண்ணு, நீ களவாணிதான், அது வெறும் தொப்பைதான்’ என்று சொல்லியிருந்தால் காலில் விழுந்து கும்பிட்டிருப்பேன். இன்பமேரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதது.

சிங்கராயர் என் பக்கம் திரும்பினார். “டைலரே, பேசினது பேசினதுதான். நான் தோத்துட்டேன். நீங்க துணி திருடலைங்க” என்றார். ‘ங்க’ திரும்பி வந்திருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“இங்கே சொன்னா செல்லாதுங்க. காளியாயி கடை வாசல்ல, நாலு பேர் முன்னால சொல்லோணும். பேச்சு அதுதானே? ஊருக்கு வந்து சொல்லுங்க” என்றேன்.

“வருவனா?”

“வந்துதான் ஆகோணும். அதுக்குள்ள போய்ச்சேரலாம்னு பாத்தீங்க, நான் விட மாட்டேன்” என்றேன். என்னை அறியாமல் கத்திவிட்டேன். நர்ஸ் வந்து இங்கே சத்தம் போடக் கூடாது என்று அதட்டியது.

பிப்ரவரியில் ஆபரேஷன். காலை எட்டு மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். இன்பமேரி ஜெபமாலையை எத்தனை சுற்று உருட்டியதோ தெரியாது. நான் எங்கள் மலைச்சாமி சேர்வராயனுக்கு ஒரு தேங்காய், மாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி என்று இரண்டு பக்கமும் பேசிவைத்தேன். மதியம் மூன்று மணிக்கு டாக்டர் காமாட்சி வெளியே வந்தார். முகத்தில் மாஸ்க் அழுத்திய கோடு.

“முழுசா வந்திருச்சு. பை கிழியலை. கிட்னி ஒண்ணு போச்சு, இன்னொண்ணு நல்லா இருக்கு. ஒன்பது கிலோ நானூறு கிராம்” என்றார்.

இன்பமேரி தரையிலேயே உட்கார்ந்துவிட்டது. “ஒம்போது கிலோவா! அய்யோ, மனுசன் பஜ்ஜி திங்கலையே! ஆறு மாசம் களியும் கொள்ளும் போட்டுக் கொன்னுப்போட்டேனே! வாயை வேற மோந்து பாத்தேனே!” என்று தலையில் அடித்துக்கொண்டது. டாக்டருக்குப் பஜ்ஜி விஷயம் தெரியாது. என்னைப் பார்த்தார். “அது வேற வழக்குங்கம்மா” என்றேன்.

மார்ச் கடைசியில் சிங்கராயர் ஊர் திரும்பினார். பஸ்ஸைவிட்டு இறங்கியவர் குவார்ட்டர்ஸுக்குப் போகவில்லை. நேராக டீக்கடைக்கு வந்தார். இடுப்பில் இருந்த பழைய பேன்ட்டை நழுவாமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அதில் இன்னொரு சிங்கராயர் நுழையலாம்.

“எல்லாரும் கேளுங்க. ஐயாக்கண்ணு டைலர் என்ற துணியத் திருடலைங்க. அவரு நோட்டு இல்லேன்னா நான் இன்னைக்கு இல்லை” என்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. “ஆனா கட்டிங் சுமார்தான், அதை நான் மாத்திச் சொல்ல முடியாது” என்று முடித்தார். காளியாயி அக்கா டீ வடிகட்டியால் என் முதுகில் ஒன்று போட்டாள்.

அதோடு கதை முடிந்தது என்று நினைத்தால் இல்லை. இந்தக் கட்டி திரும்பி வருகிற ஜாதி என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன். அதை அந்த அம்மா பார்த்துக்கொள்வார். ஆனால் ஆறு மாசம் என்பது எனக்குப் பொறுக்கவில்லை. “மாசம் ஒருக்கா என்கிட்ட வந்து நில்லுங்க ரைட்டரே” என்றேன். மாசத்து முதல் ஞாயிறு, பூசை முடிந்ததும் கடைக்கு வருவார். சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பார். இன்பமேரி வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

டேப்பைக் கையில் எடுத்து முப்பத்தொரு வருஷத்தில் பயந்தவனில்லை. இப்போது ஒவ்வொரு முதல் ஞாயிறும் பயந்தேன். ஏப்ரலில் முப்பத்துமூன்று. மேயில் முப்பத்துமூன்று. ஜூன், ஜூலை அதே. ஒவ்வொரு தடவையும் நான் ‘அதே’ என்றதும் மூன்று பேருக்கும் மூச்சு வரும். சிங்கராயர் உடனே என் கத்திரியைப் பற்றி ஏதாவது கேவலமாகப் பேசிவிட்டுப் போவார்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு, முப்பத்துமூன்றரை.

மூச்சை விடச் சொல்லித் திரும்ப எடுத்தேன். முப்பத்துமூன்றரை. வேறு டேப் எடுத்தேன். இரும்பு ஸ்கேலில் வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி எடுத்தேன். அரை இஞ்ச் அப்படியே நின்றது. இந்த நோயில் முதல் வருஷம் வளர்ந்ததும் அதே அரை இஞ்ச்தான்.

“என்னய்யா, எத்தனை தடவை அளப்பே?” என்றார் சிங்கராயர். நான் டேப்பைச் சுருட்டினேன். “எவ்வளவு?” என்றார். பிறகு இன்பமேரியைப் பார்த்தார். அதன் முகத்தில் ரத்தமே இல்லை. “சொல்லுங்க டைலரே, பரவால்லை” என்று மெதுவாகச் சொன்னார். அளவை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னேன்.

மறுநாளே மூன்று பேரும் பஸ் ஏறினோம். பஸ் முழுக்க அவர் என்னை ஒரு திட்டுக்கூடத் திட்டவில்லை. வளைவில் என் மேல் சாய்ந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார், அடிவாரம்வரை விடவில்லை.

ஸ்கேன் படத்தை டாக்டர் காமாட்சி வெகுநேரம் பார்த்தார். பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, “இப்போ என்ன சாப்பிடறார்?” என்று கேட்டார்.

இன்பமேரி திருதிருவென்று விழித்தது. “காலையில எட்டு இட்லிங்க. நெய் ஊத்தி. பதினொரு மணிக்கு முட்டை. மத்தியானம் கறி இல்லேன்னா மீனு. சாயங்காலம் பஜ்ஜிங்க. நானே போட்டுக் குடுத்துப்போடறேன். பட்டினி போட்ட பாவத்துக்கு…”

“பாவம் இடுப்புல சேர்ந்திருக்கு” என்றார் டாக்டர். “கட்டி எதுவும் இல்லை. சுத்தமா இருக்கு. இது நிஜமான தொப்பை. எண்ணெயைக் குறைங்க.”

இன்பமேரி கையெடுத்துக் கும்பிட்டது. சிங்கராயர் தன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார், யாருடையதோ என்பது போல.

மத்தியான பஸ்ஸில் ஏறியதும் மனுஷருக்குப் பழைய குரல் வந்துவிட்டது. வளைவுக்கு வளைவு திட்டு. ஒண்ணுமில்லாத அரை இஞ்சுக்கு என்னை ஸ்கேன் மிஷினுக்குள்ளே படுக்கவைத்தாய், ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை, பெண்டாட்டியை அழவைத்தாய் என்று இருபது வளைவுக்கும் திட்டித் தீர்த்தார். நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அவ்வளவு இனிப்பாக யாரும் என்னைத் திட்டியதில்லை.

பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் நேராகக் காளியாயி கடை வாசல். சாயங்கால டீக்குக் கூட்டம் நின்றது.

“எல்லாரும் கேட்டுக்கங்க! இந்த டைலரு டேப்பு தப்பு! ஒண்ணுமில்லாததுக்கு என்னைச் சேலம் வரைக்கும் இழுத்துட்டுப் போயிட்டான். ஏய்யா, ஒத்துக்கறயா இல்லையா?”

கூட்டம் என்னைப் பார்த்தது. நான் குதிப்பேன் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். காளியாயி அக்கா பாத்திரத்தைக்கூடக் கீழே வைத்துவிட்டாள். டேப் என் தோளில்தான் கிடந்தது. அது ஒரு நூல்கூடத் தப்பவில்லை என்று எனக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

“ஆமாங்க ரைட்டரே, என் டேப்பு தப்புதானுங்க” என்றேன்.

“கேக்கலை. சத்தமாச் சொல்லு.”

“என் டேப்பு தப்புங்க!” என்று கத்தினேன். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

“என்னடா இது அதிசயமா இருக்குது! என்னதான் ஆச்சு ஐயாக்கண்ணு, டாக்டர் என்ன சொன்னாங்க?” என்று காளியாயி அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“தொப்பைதான்க்கா” என்றேன். “வெறும் தொப்பைக்கா.” அதற்கு மேல் பேச முடியாமல் நடுரோட்டில் நின்று அழுதேன்.